பலகையில் இருந்த டாக்டர்

“நான்தான் போட்டேன்னு ஒத்த வார்த்த. அம்புட்டுதான் ஆத்தா. ஒனக்கு வாயா வலிக்கப்போவுது?”

அடுப்படி வாசலில் நின்றுகொண்டு மாமனார் ஆண்டியப்பன் காலையிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருந்தார். மருமகள் இளமதி தோசையைத் திருப்பிப் போட்டாள். இன்னும் சற்று நேரத்தில் புதுக்கோட்டையிலிருந்து விசாரணைக்கு அதிகாரி வரப்போகிறார்.

விஷயம் இதுதான். வீட்டுக்குக் கீழே அவர்களுடைய மருந்துக்கடை. கடையின் பின்னறையில், காய்ச்சல் என்று வந்த ஐந்து வயதுப் பெண்குழந்தைக்கு இடுப்பில் ஊசி போட்டார்கள். அன்றிலிருந்து குழந்தை வலது பாதத்தைத் தூக்க முடியாமல் இழுத்து இழுத்து நடக்கிறது. ஊசி போட்டது ஆண்டியப்பன். வாசலில் தொங்கும் பலகையில் இருப்பதோ டாக்டர் இளமதியின் பெயர்.

“வக்கீலக் கேட்டுட்டேன். டாக்டர் போட்ட ஊசின்னா ஆயிரத்துல ஒண்ணு இப்படி ஆவுறது உண்டாம். எச்சரிச்சு விட்ருவாங்களாம். நான் போட்டேன்னு தெரிஞ்சா உள்ள வச்சுருவாங்க” என்றார் ஆண்டியப்பன். “அந்தக் கொழந்தையோட ஆத்தாகிட்டயும் பேசியாச்சு. அவளும் நீதான் போட்டேன்னு சொல்லுவா.”

அவரைக் கெட்ட மனுஷன் என்று கறம்பக்குடியில் யாரும் சொல்லமாட்டார்கள். இளவயதில் ஒரு பெரிய டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தவர். டாக்டர் இறந்தபிறகு அந்த நாற்காலியில் இவரே உட்கார்ந்துகொண்டார். டாக்டரய்யா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊரே அவரை டாக்டராக்கிவிட்டது. பிறகு போலி டாக்டர்களைப் பிடிக்க அங்கிட்டும் இங்கிட்டும் ரெய்டு வர ஆரம்பித்ததும் அவருக்குத் தூக்கம் போயிற்று. மகனுக்குப் பெண் தேடும்போது மற்றவர்கள் நிறம் பார்த்தார்கள், நகை பார்த்தார்கள். அவர் டாக்டருக்கான பதிவு எண் பார்த்தார். திருவரங்குளத்தில் பள்ளிக்கூட வாட்ச்மேன் வீரய்யாவின் மகள் அரசு மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்திருக்கிறாள் என்று தரகர் சொன்ன அந்த வாரமே பெண் பார்த்துவிட்டார்கள்.

கல்யாணம் முடிந்து முதல் முகூர்த்த நாளிலேயே பலகை ஏறியது. ‘டாக்டர் இளமதி வெற்றிசெல்வன், எம்.பி.பி.எஸ்.’ என்று பெரிய எழுத்திலும் அதன்கீழே பதிவு எண்ணுமாக. சந்தனம் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தார்கள். அவளை நாற்காலியில் உட்காரவைத்துப் போட்டோ எடுத்தார்கள். அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அன்றைக்கு மட்டும்தான்.

“வீட்டுப் பொம்பள கண்டவன் நெஞ்சுல கொழாய வச்சுப் பாக்குறதெல்லாம் நம்ம வகையறாவுல இல்ல” என்று மாமியார் உண்ணாமலை சொல்லிவிட்டாள். பெயருக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. பெயர் காலை எட்டு மணிக்கே வேலையை ஆரம்பித்து, வந்த ஆம்பளை பொம்பளை அத்தனை பேரையும் தொட்டுப் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, ஊசி போட்டு அனுப்பிக்கொண்டிருந்தது. பெயருக்குச் சொந்தக்காரி மாடியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள்.

ஆரம்பத்தில் இரண்டொரு தடவை அவளாகவே கீழே இறங்கிப் போனதுண்டு. “நீ எதுக்கு ஆத்தா சிரமப்படுறே, மேல போ” என்று ஆண்டியப்பன் அன்பாகவே விரட்டிவிட்டார். அவளும் படியேறி வந்துவிட்டாள். கையெழுத்துப் போடாத குறையாக அவள் இதற்கெல்லாம் உடந்தை. அது அவளுக்கே நன்றாகத் தெரியும், அதனால்தான் அந்தப் பலகையை நிமிர்ந்து பார்க்காமலே வாசலைக் கடப்பாள்.

அயர்லாந்து போகிற யோசனை புருஷன் வெற்றிசெல்வனுடையது. டாக்டர் பெண்டாட்டியோடு வெளிநாடு போய்விட்ட கூட்டாளி ஒருவனின் போட்டோக்களைப் பார்த்துப் பார்த்து அவனுக்கும் ஆசை வந்துவிட்டது. இளமதி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். குளிரோ மழையோ, அந்த ஊரில் தன் கையால் வைத்தியம் பார்க்கலாம் என்பது ஒன்றுதான் அவள் கணக்கு. அங்கே டாக்டராக வேண்டுமானால் முதலில் சான்றுகளைச் சரிபார்ப்பார்கள், அப்புறம்தான் தேர்வு. லேப்டாப் கேமராவுக்கு முன்னால் பாஸ்போர்ட்டைத் தூக்கிப் பிடித்து, இது நான்தான் என்று எங்கோ உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்காரியிடம் அவள் சொல்லியிருந்தாள். அந்தப் பெண் முகத்தையும் போட்டோவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சரி நீங்கள்தான் என்று ஒப்புக்கொண்டபோது இளமதிக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டிவந்த வீட்டில் ஒருத்தரும் அதுவரை அப்படிச் சொன்னதில்லை.

பட்டம் உண்மைதான் என்று பல்கலைக்கழகமும் பதில் அனுப்பிவிட்டது. மிச்சம் ஒன்றுதான். இவர்மேல் புகார் எதுவும் இல்லை, ஒழுங்காகத் தொழில் செய்தவர் என்று இங்குள்ள மருத்துவக் கவுன்சில் தரவேண்டிய நற்சான்று. அதற்கும் மனுப் போட்டாயிற்று. அவள் போனபிறகு பலகையை என்ன செய்வது என்ற பேச்சும் வீட்டில் வந்தது. “ஆளு போயிட்டு வரட்டும், பேரு இங்கிட்டே இருக்கட்டும்” என்று ஆண்டியப்பன் தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

தோசைக்கல்லை இறக்கும்போது வெற்றிசெல்வன் உள்ளே வந்தான்.

“இதுல ஒனக்கும்தான் நல்லது இளமதி. நீ போட்டேன்னு சொன்னா இன்னைக்கே முடிஞ்சிரும். நற்சான்று வந்துரும், நாம கெளம்பிரலாம். பேர மட்டும் குடுத்தேன்னு சொல்லி வையி, கவுன்சில்ல ஒன்னையும் சேத்து விசாரிப்பாங்க. எல்லாம் போச்சு.”

“அந்தக் கொழந்தைக்கு?”

“அது அப்பா பாத்துக்குவாரு.”

“நாளைக்கு வர்ற கொழந்தைக்கு?”

கீழே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

பின்னறையில் விசாரணை அதிகாரி உட்கார்ந்திருந்தார். அவரும் ஒரு டாக்டர்தான், நடுத்தர வயதுப் பெண்மணி. வாசலில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். சுவரோரம் குழந்தையை இடுக்கிக்கொண்டு நின்றாள் அதன் தாய் அழகி. கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலைக்குப் போகிறவள். கை விரல்களெல்லாம் முந்திரிப்பால் பட்டுக் கறுத்திருந்தன.

“ஊசி போட்டது யாரும்மா?” என்றார் அதிகாரி.

அழகி ஆண்டியப்பனைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். “இந்த டாக்டரம்மாதாங்க” என்று இளமதியின் பக்கம் கையைக் காட்டினாள். அவளை அழகி வாழ்நாளில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

ஆண்டியப்பன் நிம்மதியாக மூச்சு விட்டார். அதிகாரி எழுதிக்கொண்டே, “நீங்க என்ன சொல்றீங்க டாக்டர்?” என்று கேட்டார். இனி அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். அயர்லாந்து வரைக்கும் வழி திறந்து கிடந்தது.

இளமதி நேராக அழகியிடம் போனாள். “புள்ளயக் கீழ எறக்கி விடுங்கக்கா” என்றாள். குழந்தையை ஓர் எட்டு நடக்கச் சொன்னாள். வலது பாதம் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. முழங்காலிட்டு உட்கார்ந்து, பாதத்தைக் கையில் ஏந்தி, கட்டைவிரலை மேலே தூக்கச் சொன்னாள். குழந்தை உதட்டைக் கடித்துக்கொண்டு முயன்றது, விரல் அசையவில்லை. ஊசி போட்ட இடத்தைப் பார்த்தாள். போடவே கூடாத இடம். கல்லூரியில் இரண்டாம் முறை கேட்கவேண்டிய அவசியமில்லாமல் கற்றுக்கொடுக்கிற பாடம் அது. அவளுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது, அதில் பாதி தன்மேலேயே வந்தது.

“நரம்புல பட்டிருக்குக்கா. பயப்படாதீங்க, சின்னப் புள்ள, சரியாவுறதுக்கு வழி இருக்கு. ஆனா நாளக் கடத்தக்கூடாது. இன்னைக்கே தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. நரம்பு டெஸ்ட் எடுப்பாங்க, பாதம் தொங்காம இருக்க பட்டை குடுப்பாங்க, பயிற்சி சொல்லித்தருவாங்க. விடாம செய்யணும்.”

அழகியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. “ரெண்டு வாரமா யாரும் இதச் சொல்லலியேம்மா” என்றாள்.

இளமதி எழுந்து அதிகாரியின் பக்கம் திரும்பினாள்.

“ஊசி நான் போடல மேடம். எங்க மாமா போட்டாரு. இந்த ரூம்புல நான் தொட்டுப் பாத்த முதல் பேஷண்ட் இந்தக் கொழந்ததான்.”

“ஆத்தா!” என்று ஆண்டியப்பன் ஓரடி முன்னால் வந்தார். போலீஸ்காரர் கையை நீட்டி நிறுத்தினார்.

அதிகாரி பேனாவை மூடினார். குரலைத் தாழ்த்தி, “யோசிச்சுச் சொல்லுங்க. பேரக் குடுத்ததும் தப்புதான். நான் எழுதிட்டா உங்க ரிஜிஸ்ட்ரேஷன் மேலயும் விசாரணை வரும். வெளிநாட்டுக்கு மனுப் போட்டிருக்கீங்கன்னு உங்க வீட்ல சொன்னாங்க” என்றார். சக டாக்டர் என்ற பரிவில் கேட்ட கேள்விதான்.

“தெரியும் மேடம். என் பேர வச்சு ஊசி போட்டது எனக்குத் தெரியும், தெரிஞ்சும் மேல ஒக்காந்திருந்தேன். அதையும் சேத்தே எழுதிக்கங்க.”

அதிகாரி மறுபடி பேனாவைத் திறந்தார்.

அறைக்குச் சீல் வைத்து ஆண்டியப்பனை ஜீப்பில் ஏற்றியபோது தெருவில் நல்ல கூட்டம். பதினைந்து வருஷமாக அவரிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள் அத்தனை பேரும் இளமதியை முறைத்தார்கள். குழந்தையின் காலைப் பற்றி ஒருவர்கூட விசாரிக்கவில்லை. மாமனாரைக் காட்டிக்கொடுத்த மருமகளைப் பற்றி ஆளாளுக்கு ஓர் அபிப்பிராயம் வைத்திருந்தார்கள்.

உண்ணாமலை வாசற்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். “ஒத்தப் பவுனு கேட்டோமா? ஒரு சொம்பு கேட்டோமா? வாட்ச்மேன் வீட்டுப் புள்ளயக் கட்டுன சேலையோட கூட்டியாந்தோமே, அதுக்கு இதுதானா பதிலு?”

கூட்டம் உச்சுக்கொட்டியது. கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் மகனுக்குச் சீர் கேட்டு வாங்கியவர்கள். வாங்காத ஒரு குடும்பத்துக்கு இப்படி நேர்ந்துவிட்டதே என்பதில் அவர்களுக்கு உள்ளூர ஒரு சமாதானமும் இருந்தது.

இளமதி மாடிக்குப் போய்த் துணிமணிகளையும் சான்றுகளையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு வந்தாள். கோபித்துக்கொண்டு போகிற பெண்ணுக்கு இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்வீட்டார் லோடு ஆட்டோ பிடித்து வந்து, கட்டில், பீரோ, அண்டா என்று கொடுத்த சீரையெல்லாம் ஏற்றிக்கொண்டு போவார்கள். தெருவே நின்று அதை எண்ணிப் பார்க்கும். இவளுக்கு ஏற்ற என்ன இருக்கிறது என்று கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் ஒரு ஸ்டூலைத் தூக்கி வாசலில் போட்டாள். அதன்மேல் ஏறிப் பலகையைக் கம்பியிலிருந்து கழற்ற ஆரம்பித்தாள்.

“அத எதுக்குத் தொடுறே?” என்று உண்ணாமலை அலறினாள்.

“சீரு எதுவும் வாங்கலேன்னு சொல்லாதீங்க அத்தே. இத வாங்குனீங்க. இதுக்காகத்தான் என்னையே வாங்குனீங்க. நாலு பவுனு கேட்டிருந்தா எங்கப்பா கடன ஒடன வாங்கிப் போட்டுட்டு, எம் பேர எங்கிட்டயே விட்டிருப்பாரு.”

கம்பி முறுக்கேறித் துருப்பிடித்திருந்தது. விரலைக் கிழித்தும் அவள் விடவில்லை. உதவிக்கு யாரும் வரவில்லை, தடுக்கவும் யாருக்கும் துணிவு வரவில்லை. பலகை கழன்று வந்ததும் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினாள்.

வெற்றிசெல்வன் பின்னாலேயே வந்தான். அப்பா ஜீப்பில் போனதைவிட அவனுக்கு வேறொன்றுதான் பெரிதாகப் பட்டது. “எல்லாத்தையும் கெடுத்துட்டியே. அயர்லாந்து போச்சு” என்றான்.

“போச்சா இல்லையான்னு அவங்க சொல்லட்டும்ங்க. விசாரணை இருக்கான்னு கேப்பாங்க. இருக்குன்னு சொல்லுவேன். என்ன தப்புப் பண்ணுனேன்னு கேப்பாங்க. அதையும் மறைக்காம எழுதுவேன்.”

“எழுதுனா எவன் எடுப்பான்? வேணாம்னு சொல்லிட்டா என்ன பண்ணுவே?”

“கவுன்சில் என்ன தண்டனை குடுக்குதோ அத முடிச்சிட்டு, திருவரங்குளத்துல எங்கப்பா வீட்டு முன்ரூம்புல நாற்காலி போட்டு ஒக்காருவேன். ஆனா ஒண்ணு. அங்கிட்டு ஊசிய நானே போடுவேன்.”