பச்சைப் பூவுக்கு ஒரு ஆஹா

தெருவில் அவரை மூக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்கிறவர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "ரெகுலேட்டர் இல்லம்மா, ட்யூப்பு. அடுப்புப் பக்கத்து முனை" என்று சொல்லிவிடுவார். போய்ப் பார்த்தால் அங்கேதான் கசிந்துகொண்டிருக்கும். அப்பேர்ப்பட்ட மூக்கு ஒரு காய்ச்சலில் போய்விட்டது. காய்ச்சல் ஐந்தாம் நாள் விட்டது. மூக்கு மட்டும் திரும்பவில்லை.

இதைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை, மனைவியிடம்கூட. தெரிந்தால் எந்த வீட்டில் அடுப்பைத் தொட விடுவார்கள்? சோப்பு நுரையைத் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்துக் கசிவைப் பிடித்தார். வேலை என்னவோ நடந்தது. ஆனால் முடித்துவிட்டுத் தீக்குச்சி கிழிக்கும் ஒவ்வொரு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டில் வேறு விதமான சோதனை. அவர் மனைவி செடிப் பைத்தியம். அதுவும் மணக்கிற செடி என்றால் போதும், சோறு தண்ணீர் வேண்டாம். கேட்டில் முல்லை, படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே மல்லி, குளியலறைத் தண்ணீர் ஓடுகிற இடத்தில் செண்பகம், பின்சுவரை ஒட்டி மனோரஞ்சிதம். காற்று எந்தப் பக்கமாக வந்தாலும் வெறுங்கையோடு வீட்டுக்குள் வரக்கூடாது என்பாள். தெருவில் சண்டை போட்டுக்கொண்டே வருகிறவர்கள்கூட முல்லைக்குப் பக்கத்தில் வந்ததும் பேச்சை நிறுத்தி மூச்சை இழுப்பார்கள். மூக்கர் அதைப் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று முன்பின் தெரியாதவர்களைக் கட்டி நிறுத்துகிறதே, தன்னை மட்டும் தாண்டிப் போகிறதே என்று அவருக்குப் பிரமிப்பாகவும் இருக்கும், அழுகையாகவும் வரும்.

சாயங்காலமானால் மனைவி அவரை ஒவ்வொரு செடியிடமும் இழுத்துக்கொண்டு போய், "எப்படி?" என்பாள்.

"ஆஹா!" என்பார். எட்டு மாதமாக இதே ஆஹா.

வைத்த மூன்றாம் வருடம் மனோரஞ்சிதம் முதல் பூவை விட்டது. இலையோடு இலையாக ஒளிந்திருந்த பச்சைப் பூ. மனைவி கிளையை வளைத்துக் காட்டினாள். அவர் கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்து, "ஆஹா! பலாப்பழம் தோத்துது போ!" என்றார்.

அவள் கிளையை விட்டுவிட்டாள். "இது இன்னும் பச்சைங்க. மஞ்சளானாத்தான் மணக்கும். இப்ப இதுல ஒண்ணுமே இல்ல."

மூக்கருக்கு முகம் செத்துப்போனது.

"எத்தனை நாளா?"

"காய்ச்சல் வந்ததுலேருந்து."

"அதோட போயா ஊரான் வீட்டுல தீக்குச்சி கிழிச்சீங்க? அவங்களுக்கு ஒண்ணு ஆயிருந்தா? உங்களுக்கு ஆயிருந்தா நான் என்ன பண்ணுவேன்?" அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள். பிறகு ஸ்பேனர் பையைக் கொண்டுபோய் எங்கோ ஒளித்து வைத்தாள். "மூக்கு வரட்டும். அப்புறம் பை வரும்."

தினமும் ஒவ்வொரு வாசனையாக மோந்து பழகுங்கள் என்றார் டாக்டர். வாசனைக்கு அந்த வீட்டில் என்ன பஞ்சம்? காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் மல்லி முன்னால் கைகட்டி நின்றார். சுவரை மோந்த மாதிரிதான் இருந்தது. வேலை இல்லாமல் வீட்டில் கிடந்து, மனிதர் பாதியாகிப் போனார்.

ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் படுத்திருந்தார். யாரோ அறைக்குள் வந்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. மறுபடி வந்தது. இனிப்பாக, கனிந்து வெடித்த பழம் போல. அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. காலடிச் சத்தம் இல்லை, கதவு திறக்கவில்லை. எங்கிருந்து புறப்பட்டு, எத்தனை சுவரைச் சுற்றி, இவ்வளவு பெரிய வீட்டில் தன்னைத் தேடிக் கண்டுபிடித்து வந்திருக்கிறது!

"வருது! வாசம் வருது!" என்று எழுந்து பின்பக்கம் ஓடினார். மனோரஞ்சிதத்தில் வெறும் காம்புதான் இருந்தது. அங்கே வாசனையும் இல்லை.

மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள். "எட்டு மாசம் ஆஹா சொன்ன வாய்தானே இது? நான் நம்ப மாட்டேன். எங்கேருந்து வருதுன்னு நீங்களே கண்டுபிடிங்க."

மூக்கர் உள்ளே திரும்பினார். சமையலறையில் இல்லை. கூடத்தில் லேசாக இருந்தது. சாமான் அறைக் கதவைத் தள்ளியதும் முகத்தில் வந்து மோதியது. கண்ணை மூடிக்கொண்டு போனார். அரிசி டின்னுக்குப் பின்னால், பழைய சாக்குக்கு அடியில் கையை விட்டார். கையில் தட்டுப்பட்டது அவருடைய ஸ்பேனர் பை.

ஜிப்பைத் திறந்தார். துருப்பிடித்த ஸ்பேனர்களின் நடுவே, மஞ்சளாகப் பழுத்த ஒற்றைப் பூ.

"எப்படி?" என்று பின்னாலிருந்து கேட்டாள்.

ஆஹா சொல்ல வாயைத் திறந்தார். வரவில்லை. அவள் ஜிப்பை மூடி, பையை எடுத்து அவர் தோளில் மாட்டினாள்.