வண்டிப் பேர்

ஜனவரி மாதத்தில் காலை ஐந்தே முக்காலுக்கு லண்டனின் காம்டன் டவுன் மூலையில் நின்றால் மூச்சு வெள்ளையாகப் புகையும். நேற்றைய களிமண் பூட்ஸில் கல்லாகக் காய்ந்திருக்கும். அதைச் சுவரில் தட்டி உதிர்த்தபடி, கைகளை அக்குளில் செருகிக்கொண்டு, நாங்கள் இருநூறு ஐரிஷ்காரர்கள் கூலிக்கு ஆளெடுக்கும் வேன்களுக்காகக் காத்திருப்போம். எங்கள் வேனின் மேஸ்திரி டார்ப்பி இறங்கி முதலில் எங்கள் தோளைப் பார்ப்பான், அப்புறம் பூட்ஸைப் பார்ப்பான். முகத்தைப் பார்க்கும் வழக்கம் அவனுக்கு இல்லை. பிறகு கையிலிருக்கும் அழுக்கு அட்டையை விளக்கடியில் பிடித்துப் பேர் வாசிப்பான்.

அந்த அட்டையில் ஒரு பேர்கூட உண்மை கிடையாது.

வண்டிப் பேர் என்போம். சொந்தப் பேரைக் கொடுத்தால் வரி, காப்பீடு, அரசாங்கக் கடிதம் என்று ஒவ்வொன்றாக வந்து கழுத்தில் ஏறும். முதலாளிக்கும் பேரில்லாத ஆள்தான் பிடிக்கும். பேரில்லாதவன் கை ஒடிந்தால் அது யாருடைய கையும் இல்லை. அதனால் ஆளுக்கொரு பேரை வைத்துக்கொண்டோம். என் பேர் பீட்டர் டோலன். சாராயம் காய்ச்சியதற்காக என் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போன போலீஸ்காரனின் பேர் அது. அவன் பேரை வைத்துக்கொண்டு சாக்கடை தோண்டுவதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது. விடியுமுன்பே எழுந்து எல்லோரையும் எழுப்புகிற கோழி, தன் ஊர் பிஷப்பின் பேரைக் கொடுத்திருந்தான். எங்களில் மூத்தவர், ஐம்பத்தைந்து வயது, குடிக்க மாட்டார், சாப்பிடுமுன் சிலுவை போடுவார். அவரைப் பாதிரி என்போம். நெட்டை மட்டும் டெனிஸ் ரூன் என்று கொடுத்திருந்தான். அது யார் பேர் என்று அவன் சொன்னதில்லை.

நெட்டையும் நானும் நாலு வருஷம் ஒரே அறையில் படுத்தோம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வேலை, புதுச் சாலைக்கு அடியில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டுவது. விடிவதற்குள் இறங்கிவிட்டோம். மூன்று நாள் மழையில் ஊறிய களிமண் மண்வெட்டியை விடாது. காலால் மிதித்து இறக்கி, இடுப்பை வளைத்துப் பிடுங்கி, தலைக்கு மேலே வீசவேண்டும். பாதி மண் முகத்திலேயே திரும்பி விழும். பன்னிரண்டு அடி ஆழம். இரண்டு பக்கச் சுவருக்கும் முட்டுப் பலகை கிடையாது.

"மேஸ்திரி, சுவர் வியர்க்குது. பலகை அடிச்சாத்தான் ஆகும்" என்று நெட்டை கீழிருந்து சொன்னான்.

"பலகை நாளைக்கு வருது" என்றான் டார்ப்பி.

"நேத்தும் இதையேதான சொன்னீங்க."

"நேத்து சொன்ன நாளைக்குத்தான் இன்னும் வரலியே. குனிஞ்சு வெட்டு."

எல்லோரும் சிரித்தோம். நெட்டையும் சிரித்தான். பத்து மணிக்கு மண்வெட்டியைக் கழுவி, நெருப்பில் காட்டி, அதன் மேலேயே பன்றி இறைச்சியைப் பொரித்துத் தின்றோம். நெட்டை தன் பங்கிலிருந்த கொழுப்பை வெட்டி என் ரொட்டியில் வைத்தான். "மக ப்ரைடிக்கு இந்த ஈஸ்டரோட ஏழு முடியுதுப்பா. பூட்ஸ் கேட்டிருக்கா" என்றான். நாலு வருஷத்தில் வீட்டைப் பற்றி அவன் சொன்னது இரண்டே விஷயம். ஒன்று ப்ரைடி. இன்னொன்று, அவன் வீட்டு வாசலில் நின்றால் கடலில் இரண்டு தீவு தெரியும், பெரியதில் ஆடு மேயும், சின்னதில் ஒன்றுமில்லை என்பது. எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. எங்களுக்குள் கேட்கிற வழக்கமில்லை. தெரியாததை யாரும் யாரிடமும் காட்டிக்கொடுக்க முடியாது அல்லவா, அதை நாங்கள் மரியாதை என்று நினைத்திருந்தோம்.

பதினோரு மணிக்குச் சுவர் சரிந்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. ஈர மூட்டையை இறக்கிவைத்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். நான் திரும்பிப் பார்த்தபோது நெட்டை நின்ற இடத்தில் மண் நின்றது.

மண்வெட்டி போட்டால் அவனை வெட்டிவிடும். கையால்தான் தோண்டினோம். கோழியின் நகம் இரண்டு பெயர்ந்து வந்தது. பாதிரி ஜெபம் சொல்லிக்கொண்டே தோண்டினார். தலைமுடி தெரிந்தபோது கால்மணி நேரம் ஆகியிருந்தது. வாயிலிருந்த களிமண்ணை நான் விரலால் எடுத்தேன். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. ஆம்புலன்ஸ்காரன் கேட்டான், "இவர் பேர் என்ன?"

எட்டுப் பேர் நின்றோம். டெனிஸ் ரூன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை, வேறு பேர் எனக்குத் தெரியவும் இல்லை.

வண்டி போனதும் டார்ப்பி தொலைபேசிக்கு ஓடினான். திரும்பி வந்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது. "பள்ளத்தை மூடுங்க. நாலடி ஆழம் மட்டும் விட்டு மூடுங்க. இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள முடியணும். மூடறவனுக்குத்தான் இனிமே வேன்."

எதற்கு மூடச் சொல்கிறான் என்பது எங்களுக்கு விளங்காமல் இல்லை; நாலடிப் பள்ளத்துக்கு முட்டுப் பலகை தேவையில்லை. விளங்கித்தான் மூடினோம். இதைச் சொல்லாமல் விட்டால் நான் சொல்கிற மற்றதெல்லாம் பொய்.

மறுநாள் வேலை இல்லை. போலீஸ் வந்து நாலடிப் பள்ளத்தை அளந்துகொண்டு போனது. சாயங்காலம் நாங்கள் தங்கியிருந்த வீட்டு அடுக்களையில் முட்டைக்கோஸ் வெந்துகொண்டிருந்தபோது முதலாளி ஸ்காஹில் வந்தார். அவரும் ஐரிஷ்காரர்தான், இருபது வருஷத்துக்கு முன் இதே மூலையில் நின்றவர். இப்போது கம்பளிக் கோட்டு, பளபளக்கும் ஷூ. நெட்டையின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நல்ல ஆள், பாவம்" என்றார். "ஆனா பாருங்க, அப்படி ஒருத்தன் என்கிட்ட வேலை செய்யல. குடிச்சுட்டு வழி தப்பி வந்த நாடோடி எவனோ பள்ளத்துல விழுந்திருக்கான். நாளைக்கு மரண விசாரணையில என் ஆள் இதைத்தான் சொல்லப்போறான். நீங்க யாரும் அங்க வர வேணாம்."

"அவன் குடிக்கவே இல்ல" என்றான் கோழி.

"நீ பார்த்தியா?"

"பக்கத்துல நின்னு ரொட்டி தின்னேன், முதலாளி."

ஸ்காஹில் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "சரி. போய் சொல்லு. சொல்றதுக்கு முன்னாடி உன் பேரைக் கேப்பாங்க. என்ன பேர் சொல்லுவ, பிஷப்னு சொல்லுவியா? உண்மைப் பேரைச் சொன்னா அஞ்சு வருஷ வரி உன் வீட்டு வாசல்ல நிக்கும். அப்புறம் இந்த லண்டன்ல எந்த வேன்லயும் உனக்கு இடம் கிடையாது, அதை நான் பார்த்துக்கறேன். இதெல்லாம் யாருக்காகப்பா? செத்தவன் பேராவது உங்களுக்குத் தெரியுமா?"

அவர் சொன்னது அத்தனையும் நிஜம். அதுதான் எங்களைக் கொன்றது.

"நானும் மண்ணு வெட்டினவன்தான்" என்றார் எழுந்துகொண்டே.

பாதிரி அதுவரை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "எந்தக் காலால மிதிச்சு வெட்டினீங்க, முதலாளி?" என்றார்.

"என்னது?"

"ஒண்ணுமில்ல. மறந்திருப்பீங்க."

அவர் போன பிறகு நான் நெட்டையின் கட்டிலில் உட்கார்ந்தேன். அவன் பெட்டியில் இரண்டு சட்டை, ஒரு சவரக் கத்தி, சிறுமியின் கால் அளவு வரைந்த ஒரு காகிதம். கடிதம் ஒன்றுகூட இல்லை, பேர் தெரியக் கூடாதென்று படித்ததும் எரித்துவிடுவான். நாளைக்குப் பேர் தெரியாத பிணம் என்று எழுதி எங்கேயோ புதைப்பார்கள். இரண்டு தீவு தெரிகிற அந்த வாசலில் ஒருத்தி நிற்பாள். ஈஸ்டர் வரும், போகும். இங்கிலாந்துக்குப் போய்க் குடும்பத்தைக் கைவிட்டவன் என்று ஊர் பேசும். எங்கள் ஊர்களில் அப்படிக் காணாமல்போன அப்பன்கள் ஏராளம். அவர்களில் எத்தனை பேர் உண்மையில் ஓடினார்கள், எத்தனை பேர் இப்படி மூடப்பட்டார்கள் என்று அன்று முதல்முறையாக யோசித்தேன். எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

வியாழக்கிழமை விசாரணைக்கு மூன்று பேர் போனோம். ஸ்காஹிலின் ஆள் நாடோடிக் கதையைச் சொல்லி முடித்ததும் நான் எழுந்து நின்றேன். விசாரணை அதிகாரி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"உங்க பேர்?"

வாய் தானாகப் பீட்டர் டோலன் என்று சொல்லப் போனது. அதை விழுங்கினேன்.

"கோல்மன் மல்கெரின்" என்றேன். நாலு வருஷமாக அந்தப் பேரை நான் உரக்கச் சொன்னதில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

"இறந்தவரைத் தெரியுமா?"

"நாலு வருஷம் ஒரே அறை. பேர் தெரியாதுங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் நிறுத்தவில்லை. "அவன் நாடோடி இல்ல. அவன் பூட்ஸைக் கொண்டுவந்து பாருங்க. எங்க நாட்டுல மண்வெட்டிக்குக் கால் வைக்கிற இடம் ஒரு பக்கம்தான். அது எந்தப் பக்கம்ங்கிறது ஊருக்கு ஊர் மாறும். சின்ன வயசுல பழகின கால் அப்புறம் மாறாது. அவனுக்கு இடது கால். அந்த பூட்ஸோட நடுவுல பள்ளம் விழுந்திருக்கும். நடந்து திரியறவனுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தேயும். பள்ளம் பன்னிரண்டு அடிங்க, பலகை இல்ல. அதை நாலடியா மூடினது நாங்கதான். நானும் மூடினேன்."

பூட்ஸ் வந்தது. விசாரணை அதிகாரி இடது பூட்ஸைத் திருப்பி, பள்ளத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். கட்டைவிரல் அதில் உட்கார்ந்தது.

கோழி எழுந்து தன் பேர் டொமினிக் பேட்டன் என்றான். பாதிரி எழுந்து அன்டி மல்ரூனி என்றார். இரண்டு பேரும் நான் சொன்னதையே சொன்னார்கள். அதிகாரி பேனாவை மூடினார். இவர் மண் வெட்டுகிறவர் என்பதை நம்புகிறேன், ஆனால் இந்த முதலாளியிடம் வெட்டினார் என்பதற்கு உங்கள் சொல் தவிர வேறொன்றும் இல்லை, பள்ளத்தை மூடியவர்களும் நீங்களே என்றார். இரண்டு வாரம் தள்ளிவைத்தார். அதுவரை உடலைப் புதைக்கக் கூடாது என்றும் சொன்னார். எங்களுக்குக் கிடைத்தது அந்த இரண்டு வாரம்தான்.

வெளியே படிக்கட்டில் மூன்று பேரும் நின்றோம். பிறகு கோழி கட்டுப்போட்ட கையை நீட்டினான். "டொமினிக்" என்றான். "கோல்மன்" என்றேன். பொண்ணு பார்க்க வந்தவர்கள் மாதிரி கூச்சமாக இருந்தது.

"அன்டியாம்ல" என்று பாதிரியைப் பார்த்தான் கோழி. "உமக்கு அந்தப் பேர் பொருந்தவே இல்ல, பெரியவரே."

"உனக்குக் கோழிதான்டா பொருந்துது" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு மூலைக்குப் போனோம். வேலை கிடைக்காது என்று தெரியும். ஆனால் அந்த வேனில் ஏறுகிறவர்களிடம், பலகை இல்லாமல் இறங்காதீர்கள் என்று சொல்லவேண்டும். சொன்னோம். சிலர் தலையாட்டினார்கள், சிலர் விலகிப் போனார்கள். "உனக்கென்னப்பா, உனக்கு வேலை போயிடுச்சு. எனக்கு இன்னும் இருக்கே" என்றான் ஒருவன். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. செவ்வாய்க்கிழமை வரை நானும் அவன்தான்.

டார்ப்பி இறங்கினான். தூங்காத கண்கள். எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி அட்டையை விளக்கடியில் பிடித்தான். பழைய அட்டையேதான். பேர் வாசித்தான், ஒவ்வொருவராக "இருக்கேன்" என்று வேனில் ஏறினார்கள். என் வண்டிப் பேரைத் தாண்டினான். பிஷப்பைத் தாண்டினான். பாதிரியின் பேரையும் தாண்டினான்.

"டெனிஸ் ரூன்" என்று வாசித்தான்.

வேண்டுமென்றே வாசித்தானா, நாலு வருஷ வாய்ப் பழக்கமா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவனும் ஒரு காலத்தில் மண் வெட்டியவன். வாசித்த பிறகு அவன் தலை நிமிரவில்லை.

வேனில் ஏறப்போனவர்கள் நின்றார்கள். ஏறி உட்கார்ந்தவர்கள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"அப்படி ஒருத்தன் இல்லவே இல்லன்னு கோர்ட்டுல உங்க ஆள் சொன்னாரே, மேஸ்திரி" என்றான் கோழி மெதுவாக. "இல்லாதவனை ஏன் கூப்பிடறீங்க?"

டார்ப்பி அட்டையை இரண்டாகக் கிழித்தான். நாலாகக் கிழித்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டான். "அட்டையே இல்ல" என்றான்.

"அட்டைய நீங்க கிழிச்சுக்குங்க" என்றார் பாதிரி. "எங்க மூணு பேரை விட்டாலும் இங்க பதினெட்டுப் பேர் காதுல விழுந்திருக்கு. அதை என்ன பண்ணுவீங்க?"

அதற்குப் பிறகு யாரும் அவசரப்படவில்லை. எனக்கு இன்னும் வேலை இருக்கிறது என்று சொன்ன அதே ஆள்தான் முதலில் வேனிலிருந்து இறங்கினான். என்னைப் பார்த்து, "விசாரணைக்கு வரணும்னா என்னப்பா செய்யணும்?" என்றான்.

"சொந்தப் பேரைச் சொல்லணும்" என்றேன்.

அவன் தரையைப் பார்த்தான். பூட்ஸைச் சுவரில் தட்டினான். "மைல்ஸ் ஹீவி" என்றான்.

பாதிரி ஒரு சிமெண்டுப் பையைக் கிழித்து, அதன் உள்பக்கத்தை மடியில் வைத்துப் பென்சிலால் எழுதினார். இன்னொருவன் இறங்கி வந்து பேர் சொன்னான். இன்னொருவன். நான்கு பேர் இறங்கவில்லை. வேன் அவர்களை ஏற்றிக்கொண்டு போனது. நாளைக்கு எங்களுக்குப் பதில் வேறு ஆட்கள் நிற்பார்கள், பலகை வந்திருக்காது, ஸ்காஹில் வக்கீல் வைப்பார். எல்லாம் எங்களுக்குத் தெரியும். மேற்குக் கடற்கரையில் இடது கால் மண்வெட்டி பிடிக்கிற ஊர்களில், வாசலிலிருந்து இரண்டு தீவு தெரிகிற ஊர் எது என்று ஒவ்வொரு மாதா கோயிலுக்கும் கடிதம் போடவேண்டும். அதற்கும் இரண்டு வாரம்தான்.

விளக்கு அணைந்து வெளிச்சம் வந்தபோது காகிதத்தைச் சுற்றிப் பதினேழு பேர் நின்றோம். நான் எட்டிப் பார்த்தேன். பாதிரி ஒவ்வொரு பேரையும் பள்ளிக்கூடத்து எழுத்தில் நிதானமாக எழுதியிருந்தார். முதல் வரியை மட்டும் எழுதாமல் விட்டிருந்தார்.

அது யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.