சிவப்பு விழும் வரை

பச்சை, மஞ்சள், சிவப்பு. சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதில் மூன்று சின்ன விளக்குகள். பேச நிற்பவரின் நெஞ்சுக்கு நேரே, மைக்குக்குப் பக்கத்தில்.

வெளியே மார்ச் மாத மழை. பனியோடும் சேராமல் வெயிலோடும் சேராமல், தனியாகப் பெய்கிற மழை.

பூங்கோதை அந்த விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை விழுந்தால் பேசலாம். மஞ்சள் விழுந்தால் முடிக்க வேண்டும். சிவப்பு விழுந்தால் மைக்கை அணைத்துவிடுவார்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம். இருபத்தாறு வருடம் வளர்த்த பிள்ளைக்கும் இரண்டு நிமிடம்தான்.

அமெரிக்காவில் ஒரு மாநிலத் தலைநகர். சட்டமன்றக் குழு கூடும் அறை. அவளோடு உட்கார்ந்திருந்த எல்லோர் மடியிலும் ஒரு புகைப்படம். மகள், கணவன், தம்பி. எல்லோரும் துப்பாக்கிக்குப் பலியானவர்கள். அவள் மடியில் அகிலன்.

போன வருடமும் வந்தாள். புதுக்கோட்டையில் முப்பது வருடம் பள்ளி ஆசிரியை. ஆண்டு விழா மேடைகளில் பேசிப் பழகிய வாய். பச்சை விழுந்ததும், அவைத் தலைவர் அவர்களே என்று ஆரம்பித்தாள். துணைத் தலைவர் அவர்களே. பெயர்ப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து, உறுப்பினர்கள் பதினோரு பேரையும் ஒருவர் விடாமல் விளித்தாள். குறிப்பெடுக்கும் பெண்ணைக்கூட விடவில்லை.

என்னைப் போல் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர்களே என்று அவள் திரும்பியபோது மஞ்சள் விழுந்திருந்தது. வாய்ப்புக்கு நன்றி சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தாள். சிவப்பு.

மகன் பெயரைச் சொல்லவே இல்லை. மரியாதையெல்லாம் மேடைக்குப் போய்விட்டது. பெற்ற பிள்ளைக்கு ஒரு சொல் மிஞ்சவில்லை. மூன்று மணி நேரம் கார் ஓட்டி வீடு வந்து சேரும்வரை தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள்.

அந்தக் கார் அகிலனுடையது. அதை ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவன்தான். அப்பா இறந்த பிறகு, அம்மா ஊரில் தனியாக இருக்க வேண்டாம் என்று இங்கே கூட்டிவந்தவன். இப்போது அவள் இங்கே தனியாக இருக்கிறாள்.

“செவப்புன்னா நிக்கணும்மா. ரோட்டுல ஆளே இல்லாட்டியும் நிக்கணும்,” என்பான், கற்றுக்கொடுக்கும்போது.

அவனைச் சுட்டவனுக்கு ஒரு கடை துப்பாக்கி தர மறுத்திருந்தது. பெயரைக் கணினியில் தட்டியதும், மனைவியை அடித்த வழக்கில் நீதிமன்றம் போட்ட தடை தெரிந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை அவன் ஒரு துப்பாக்கிக் கண்காட்சிக்குப் போய் ஒரு மேசை முன்னால் நின்றான். விற்றவர் கடைக்காரர் இல்லை. ஆகவே விசாரிக்கச் சொல்லும் சட்டமும் இல்லை. கொடுத்தார். வாங்கிக்கொண்டான்.

நான்காம் நாள் மழை. மனைவி வேலை பார்த்த மளிகைக் கடை வாசலில் அவன் சுட ஆரம்பித்தபோது, அகிலன் வெளியே வந்து குடையை விரித்துக்கொண்டிருந்தான். பையில் அம்மா வாங்கிவரச் சொன்ன கொத்தமல்லி.

யார் விற்றாலும் விசாரித்துவிட்டு விற்க வேண்டும். இவர்கள் கேட்கும் சட்டம் இவ்வளவுதான்.

அவளைக் கூப்பிட்டார்கள். பச்சை.

யாரையும் விளிக்கவில்லை. வணக்கம்கூட இல்லை.

“அகிலன்,” என்றாள். “என் மகன்.”

அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி எத்தனை மாதம் ஆகிவிட்டது. வீட்டில் சொல்வதற்கு யார் இருக்கிறார்கள். பெயர் ஒலிபெருக்கி வழியாக அறை முழுக்கக் கேட்டது. பச்சை எரிந்துகொண்டே இருந்தது.

கடையைச் சொன்னாள். மேசையைச் சொன்னாள். மஞ்சள். கொத்தமல்லியைச் சொன்னாள். கடைசியாக ஒரு கேள்வி வைத்திருந்தாள். சிவப்பு.

மாலையில், இந்தக் கூட்டத்தொடரில் மசோதா வாக்கெடுப்புக்கு வராது என்று குழுத் தலைவர் அறிவித்தார். அவர் குரலில் வருத்தம்கூட இருந்தது. அந்த வருத்தத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்.

மகளைப் பறிகொடுத்த டோரீன் அவளைக் கட்டிக்கொண்டு, அடுத்த வருடம் பார்ப்போம் என்றாள். போன வருடமும் அப்படித்தான் சொன்னாள். அப்போது பூங்கோதை வருகிறேன் என்று சொல்லாமல் நழுவிவிட்டாள். துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது அவள் ஊரில் யாரும் வருகிறேன் என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் இன்னொரு சாவு விழும் என்று பயம். அகிலனின் துக்க வீட்டிலிருந்தும் எல்லோரும் அப்படித்தான் போனார்கள். ஒவ்வொருவராக. சொல்லாமல்.

இந்த வருடம் வாசல்வரை போய்த் திரும்பி நின்றாள். சாவு எப்படியும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. காலி நாற்காலிகளையும் அணைந்த விளக்குகளையும் பார்த்தாள்.

“போயிட்டு வரேன்,” என்றாள்.

வழியில் ஒரு சின்ன ஊர். ஒரே ஒரு சிக்னல். முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. சிவப்பு. நின்றாள்.

கண்ணாடியில் வழிந்த மழையெல்லாம் சிவப்பாக இருந்தது. போதும் என்று சொல்ல இங்கே யாரும் இல்லை. கேட்கவும் யாரும் இல்லை.

“அகிலா,” என்று ஆரம்பித்தாள். “அந்த மேசையில ஒருத்தர், ஒரே ஒருத்தர், நீ யாருப்பான்னு அவனக் கேட்டிருந்தா...”

பச்சை விழுந்தது.

அவள் வண்டியை எடுக்கவில்லை. இன்னும் சொல்லி முடியவில்லை.