ஒரு குறையும் இல்ல கண்ணு

கிளிஃபோர்டு இங்கிலாந்தின் லங்காஷயர் சந்தையில் நெடுங்காலம் பழக்கடை போட்டவர். பளபளக்கும் பிளம்ஸை முன்னால் அடுக்கி, கன்றியதைப் பின்னால் ஒளிப்பது அவருக்குக் கைவந்த கலை. இன்றைக்கு வியாபாரம் தலைகீழ். கன்றியதைத்தான் முன்னால் வைக்க வேண்டும்.

மனைவி நோரீனுக்கு நரம்பு நோய். கைகால் போய்விட்டது. இரவில் சளி தொண்டையை அடைத்தால் மெஷினால் உறிஞ்சி எடுக்க ஆள் வேண்டும். வந்துகொண்டிருந்த இரவுப் பணிப்பெண்ணை, செலவை ஏற்றிருந்த ஊர் கவுன்சில் நிறுத்திவிட்டது. போன தடவை கவுன்சிலிலிருந்து நிலைமையைப் பார்க்க வந்தவர் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்க, அந்த ஊரில் சவப்பெட்டிக்குள் கிடப்பவரும் சொல்லக்கூடிய பதிலை நோரீன் சொல்லித் தொலைத்தாள்: "ஒரு குறையும் இல்ல கண்ணு."

கிளிஃபோர்டு மேல்முறையீடு செய்தார். இன்று மறுபடி பார்க்க வேறொரு அதிகாரி, மிஸ் ஹாதர்லி, வருகிறாள்.

"லிப்ஸ்டிக் போட்டு விடு," என்றாள் நோரீன்.

"இன்னிக்கு வேணாம். கொஞ்ச நேரம் நோயாளியா இரேன்."

"சொத்தைப் பழத்தையே துடைச்சு வித்த ஆளு நீ. பொண்டாட்டிய மட்டும் அழுக்கா காட்டுவியா?"

பேரத்தில் தோற்றே பழக்கமில்லாதவர், தோற்றார். போட்டுவிட்டார்.

மிஸ் ஹாதர்லி வந்து உட்கார்ந்தாள். "எப்படி இருக்கீங்க, நோரீன்?"

கிளிஃபோர்டு மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு குறையும் இல்ல கண்ணு. கிளிஃப், அந்த நல்ல கப்புல டீ குடு."

"அடிப்பாவி! ராத்திரி மூச்சடைச்சு நீலமா போனியே, அதைச் சொல்லு! நான் தூங்கிட்டேன்னா நீ காலி, அதைச் சொல்லு!"

மிஸ் ஹாதர்லி நோரீன் பக்கம் திரும்பினாள். "அப்படியா?"

நோரீனின் முகம் லிப்ஸ்டிக்கைவிடச் சிவந்தது. "சந்தைக்காரர்மா அவர். எதையும் ஒண்ணுக்கு மூணாத்தான் சொல்லுவார்."

மிஸ் ஹாதர்லி சிரித்தபடி எழுதினாள். "இவ்வளவு நல்லாப் பாத்துக்கிற புருஷன் கிடைக்கணுமே!"

வெளிக்கதவு சாத்தியதுதான் தாமதம், நோரீனுக்கு இருமல் பிடித்தது. கிளிஃபோர்டு மெஷினை ஓட்டி, சளியோடு கரைந்த லிப்ஸ்டிக்கையும் துடைத்தார்.

"முன்னப்பின்ன தெரியாத பொண்ணுகிட்ட எப்படிப்பா அதெல்லாம் சொல்றது?" என்றாள், குரல் திரும்பியதும்.

"பிரமாதமா வித்துட்டம்மா. நானே வாங்கியிருப்பேன்."

மேல்முறையீடு இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதற்கும் யாராவது வீட்டுக்கு வந்து, முதலில் நலம்தான் விசாரிப்பார்கள்.