சிவப்புக் கிளிப்

வெர்லீன் எதையும் முழுசாகப் படிக்கிறவள். மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைக்கூட விடமாட்டாள். ஆனால் அமெரிக்காவில் ஒரு மாவட்டச் சிறையில் பதினேழு வருடம் எழுத்தராக இருந்தும், வெளிநாட்டுக் கைதிகளைப் பற்றிக் குடியேற்றத் துறை ஃபேக்ஸில் அனுப்பும் படிவத்தை மட்டும் அவள் படித்ததே இல்லை. பெயரைப் பார்ப்பாள், வந்து சேர்ந்தது என்று கையெழுத்துப் போடுவாள், அந்த ஆளின் துணிப்பையில் சிவப்புக் கிளிப்பை மாட்டுவாள். கிளிப் விழுந்தவன் நீதிபதியே விட்டாலும் வீட்டுக்குப் போகமாட்டான். இரண்டு நாளுக்குள் குடியேற்றத் துறையின் வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும். அப்புறம் அவன் இந்த நாட்டிலேயே இருக்கமாட்டான்.

அன்று காலை எலிசெயோ பெயருக்கு ஃபேக்ஸ் வந்தது. பால் பண்ணையில் வேலை செய்பவன், லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டி மாட்டிக்கொண்டான். அபராதம் போட்டு நீதிபதி விட்டுவிட்டார். பத்து மணிக்கு வெளியே போகவேண்டும். வெர்லீன் கிளிப் டப்பாவைத் திறந்தால், காலி. கிடங்கிலிருந்து புது டப்பா வருவதற்குள், கை சும்மா இருக்கிறதே என்று படிவத்தைப் படித்தாள்.

'இவரை இரண்டு நாள் காவலில் வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்' என்றிருந்தது. நீதிபதியின் கையெழுத்தைத் தேடினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தும் அகப்படவில்லை. இனி அவளால் சும்மா இருக்க முடியுமா? கீழே இருந்த எண்ணுக்குப் போன் போட்டாள்.

"கேட்டுக்கத்தான் செய்றோம் மேடம்," என்றான் மறுமுனை அதிகாரி, இதுகூடத் தெரியாதா என்கிற தோரணையில். "வைக்கிறதும் விடுறதும் உங்க ஷெரிஃப் இஷ்டம்."

நேரே சிறைக்குப் பொறுப்பான ஷெரிஃப் கார்லைலின் அறைக்குப் போனாள்.

"கார்லைல், இதை நீங்க என்னிக்காவது படிச்சிருக்கீங்களா?"

"படிக்க என்ன இருக்கு? என் கையைக் கட்டிப் போட்டிருக்காங்க." அழுதுகொண்டு வரும் குடும்பங்களிடமும் அவர் இதையேதான் சொல்வார்.

"கட்டினது யாரு? நானும் தேடிட்டேன், கயித்தைக் காணோமே."

"வந்துட்டாங்கப்பா வக்கீலம்மா!"

ஆனாலும் வாங்கிப் படித்தார். மாவட்ட வக்கீலைக் கூப்பிட்டார். போனை வைக்கும்போது காது சிவந்திருந்தது.

"என் இஷ்டந்தானாம். ஏன்யா இத்தனை நாள் சொல்லலைன்னு கேட்டா, நீங்க கேக்கலையேங்கறான்."

கட்டளை என்று நினைத்த வரைக்கும் எவ்வளவு சௌகரியமாக இருந்தது! பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

"நீயா இருந்தா என்ன பண்ணுவே?"

"தேர்தல்ல நின்னு ஷெரிஃபா ஜெயிச்சது நான் இல்லையே."

வெர்லீன் பின்னால் வர, கார்லைல் எழுந்து அறையை விட்டு வெளியே வந்தார். பிறகு தானே போய்த் துணிப்பையை எடுத்து எலிசெயோவிடம் நீட்டினார்.

எலிசெயோ வாசலை எட்டிப் பார்த்தான். "வேன் எங்க சார்?"

"வேன் வராது. வீட்டுக்குப் போ."

"யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன்." குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

எலிசெயோ குனிந்து பூட்ஸில் கயிற்றைக் கோக்க ஆரம்பித்தான். பாதியில் நிமிர்ந்தான். கோபமே இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"போன வருஷம் எங்க அண்ணன் நிகானோரை வேன்ல ஏத்தினாங்க. அப்ப யாரு சார் சொன்னா?"

கார்லைல் வெர்லீனைப் பார்த்தார். நிகானோரின் படிவம் எந்த இழுப்பறையில் இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். அடியில் இருப்பது அவள் கையெழுத்து.