கனிஷாயின் முறை

மலைக்கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் நாலாம் வகுப்பறையில், பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு விருந்தாளிச் சங்கத்தின் பதினோரு வீட்டுக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியர் மேசையில் முறைச் சீட்டை விரித்து வைத்துக்கொண்டு நின்றாள் புருலாய். வெளிநாட்டு விருந்தாளிகள் வந்தால் எந்த வீட்டில் தங்குவது என்று வரிசை பார்த்துச் சொல்வது அவள் பொறுப்பு. ஏழு வருஷமாக அந்த வரிசை தப்பியதில்லை. போன வியாழக்கிழமை தப்பிவிட்டது.

அன்று முறை கனிஷாயுடையது. புருஷனை இழந்தவள், இந்தக் கோடையில்தான் சங்கத்தில் சேர்ந்திருந்தாள். முதல் விருந்தாளிகளாயிற்றே என்று ஆடு அறுத்து, புது மெத்தை விரித்து, இருட்டும்வரை வாசலிலேயே நின்றாள். வரவேண்டிய நாலு ஜெர்மன்காரர்களும் வரவே இல்லை. வழியிலேயே யாரோ மடக்கிக் கொண்டுபோயிருந்தார்கள்.

"வண்டிக்காரனைக் கேளுங்கப்பா," என்றது பின்பெஞ்சு. "நகரத்து டூர் கம்பெனிக்காரன் கையில கொடுத்திருப்பான்."

விருந்தாளிகளை ஏற்றிவரும் வண்டிக்காரன் ஜெங்கிஷ் கதவோரம் நின்று தொப்பியைக் கசக்கினான். "பாலத்துலேர்ந்து நடந்தே வர்றோம்னு அவங்கதான் இறங்கினாங்க. சத்தியமா வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது."

"நீ சத்தியம் பண்ணாத நாள் எது?"

எல்லோரும் சிரித்தார்கள். புருலாயால் சிரிக்க முடியவில்லை. வழி தவறிய மாட்டைத் தேடி வெள்ளிக்கிழமை மேய்ச்சல் மேட்டுக்கு ஏறியவள் அவள். இன்னும் யாரும் குடியேறாத அந்த மேட்டில் ஒரே ஒரு கம்பளிக் கூடாரம் நின்றது. வாசலில் நாலு ஜோடி அந்நிய பூட்ஸ். கூடாரம் அவள் மச்சாண்டாருடையது.

நாலு நாளாக அதை விழுங்கிக்கொண்டிருந்தாள். காலையில் தேநீர் ஊற்றும்போதுதான் கணவன் மக்சாத்திடம் சொன்னாள். அவன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டான்.

"அண்ணன் பேரு உன் வாயில வரக் கூடாது."

"அப்ப ஜெங்கிஷ்?"

"அந்தப் பேரு வந்துச்சுன்னா நமக்குள்ள என்ன மிஞ்சும்னு எனக்கே தெரியல, புருலாய்."

மருமகளாக வந்தவள் புருஷனின் மூத்தவர்கள் பெயரை உச்சரிப்பதில்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், அந்தப் பெயரை அவள் உதடு தொட்டதில்லை. 'பெரிய வீட்டுக்காரர்' என்பாள். தொலைபேசியில்கூடக் குதிரைப் படத்தைப் போட்டுத்தான் பதிந்திருந்தாள்.

"சரி, கை தூக்குங்க," என்றார் முன்பெஞ்சிலிருந்த ஓர்மோன். அவளுடைய மச்சாண்டார்தான். ஊரிலேயே அதிகக் குதிரை வைத்திருப்பவர். "ஜெங்கிஷை நிறுத்திட்டு வேற வண்டி பாப்போம். வேலை கெடக்கு."

"கொஞ்சம் இருங்க," என்றாள் புருலாய். "அவன் இல்ல. நான் பார்த்தேன். மேட்டுல, ஒரு கூடாரத்து வாசல்ல, நாலு பேரோட பூட்ஸ்."

பெஞ்சுகள் கிறீச்சிட்டன. ஓர்மோன் மட்டும் அசையவில்லை.

"அப்படியா? யாரு கூடாரம்மா?"

"பெரிய வீட்டுது."

"இந்த ஊர்ல பெரிய வீட்டுக்கா பஞ்சம்?" அவர் சிரித்தார். "ஜாடை மாடையாப் பேசிச் சங்கத்தை உடைச்சுக்க வேணாம், குத்தம் சொல்றவங்க முழுப் பேரைச் சபையில சொல்லணும்னு விதி இருக்கே. நான்தான் எழுத வெச்சேன். சொல்லும்மா."

அவளால் முடியாது என்று அவருக்குத் தெரியும். அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். மக்சாத் தலை நிமிரவில்லை.

வேண்டாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஜெங்கிஷுக்கு வேறு வேலை கிடைக்கும். ஆனால் கனிஷாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முறை என்று ஒன்று இருந்ததால்தான் ஒற்றை அறை வீட்டுக்காரியும் வாடகைக்குக் குதிரை விடுகிறவரும் ஒரே வரிசையில் நின்றார்கள். ஆற்றிலிருந்து குடம் சுமந்த தெருவுக்கு விருந்தாளிப் பணத்தில் சங்கம் பிடித்துவைத்த பங்கில்தான் குழாய் வந்தது. இன்று ஒரு வீடு தப்பித்தால், நாளை ஒவ்வொருவரும் விருந்தாளிகளை மடக்கப் பாலத்தில் போய்க் காத்துக்கிடப்பார்கள்.

"ஓர்மோன்," என்றாள். சத்தம் போதவில்லை. "சபர்பெக் மகன் ஓர்மோன்."

யாரோ ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். ஓர்மோனின் காதுமடல் சிவந்தது. மறுப்பார் என்று நினைத்தாள். அவரோ தம்பியைத்தான் பார்த்தார்.

"கேட்டியாடா? உன் பொண்டாட்டி என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறா."



"பார்த்தது உண்மையா, பொய்யா?" என்று கனிஷாய் கேட்டாள். "அதுக்குப் பதில் சொல்லுங்க, அண்ணே."

"என் குதிரையில ஏறணும்னு அவங்கதான் கேட்டாங்க. நான் என்ன பண்றது?"

பருவம் முடியும்வரை வரிசையிலிருந்து நீக்குவதென்றால் வீட்டுக்கு ஒன்றாக ஆறு கை வேண்டும். கனிஷாய் தூக்கினாள். பின்பெஞ்சில் இரண்டு, ஜன்னலோரம் ஒன்று. வெகுநேரம் கழித்து இன்னொன்று. ஐந்தோடு நின்றது. பலர் ஓர்மோனின் குதிரைகளை நம்பிப் பிழைப்பவர்கள்.

மக்சாத் எழுந்தான். வெளியே போகிறான் என்றே புருலாய் நினைத்தாள். நின்ற இடத்திலேயே, யாரையும் பார்க்காமல், கையை உயர்த்தினான்.

ஓர்மோன் போகும்போது கதவு சுவரில் அறைந்தது. அவர் மனைவி அனார்குல் மட்டும் பெஞ்சை விட்டு எழவில்லை. பன்னிரண்டு வருஷமாகப் புருலாய்க்கு ரொட்டி சுடக் கற்றுக்கொடுத்துவரும் ஓரகத்தி.

"நாளைக்கு எங்க முறை. ஆறு பேர்," என்றாள்.

"இனி அடுத்த வீட்டுக்கு, அக்கா." புருலாய் சீட்டை மடித்தாள்.

"ஆறு பேருக்கும் மாவு பிசைஞ்சு வெச்சுட்டேனே. அதை நாயா திங்கும்?"

"நான் வந்து எடுத்துக்கறேன்."

அனார்குல் முக்காட்டை இறுக்கிக்கொண்டு எழுந்தாள். "கொல்லைப்பக்கமா வா. அந்த மனுஷன் கண்ணுல பட்டுடாதே."