பூட்ஸில் ஐந்து விரல்

மேசையில் என் சிப்பாய்கள் இல்லை.

கட்டைவிரல் உயர உலோக வீரர்களை நிறுத்தி, பகடை உருட்டி, பழைய போர்களை மறுபடி ஆடிப் பார்க்கிற குழு எங்களுடையது. பெங்களூர் விவேக் நகரில் ஒரு வாடகை ஹாலில் கூடுவோம். அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியாட்களும் பார்க்க வரலாம் என்று போஸ்டர் ஒட்டியிருந்தோம். கம்பெனிப் படை 1791இல் பெங்களூர்க் கோட்டையைப் பிடித்ததுதான் ஆட்டம். தெர்மாகோல் மதில், அதில் பீரங்கி பிளந்த ஓட்டை, உள்ளே சுல்தானின் ஆட்கள், வெளியே கம்பெனிக்காரர்கள். வெளியே நடு வரிசையில் நிற்க வேண்டியவர்கள் நான் செய்த இருபது மதராஸ் சிப்பாய்கள். அவர்கள் இடத்தில் மூன்று முனைத் தொப்பி போட்ட இருபது வெள்ளைக்காரர்கள் நின்றார்கள்.

"மூர்த்தி சார், என்னுது எங்க?"

கணேசமூர்த்திதான் குழுவை நடத்துகிறவர். சேலத்துக்காரர், ஐடியில் மேனேஜர். எல்லோருடைய வீரர்களையும் ஒரே நிற மணல் ஒட்டிய பலகைகளில் நிறுத்த வேண்டும் என்று சொல்லி, போன வாரம் என் இருபது பேரையும் வாங்கிக்கொண்டு போயிருந்தார்.

"அங்கதான் இருக்கு. நல்லா பாருங்க" என்றார், லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

குனிந்து பார்த்தேன். வெள்ளைக்காரர்களின் கறுப்பு பூட்ஸில் ஐந்தைந்து விரல்கள் இருந்தன. வெள்ளைக் கால்சட்டைக்கு மேலே முழங்கால் சில்லு புடைத்துக்கொண்டு நின்றது. அந்த விரல்களை நான் ஊசியால் கீறியிருந்தேன். அந்தச் சில்லுகளை நான் அரத்தால் ராவி எடுத்திருந்தேன்.

எப்படிச் செய்தேன் என்று சொன்னால்தான் என் வயிறு ஏன் எரிந்தது என்று புரியும்.

இந்த இருபது பேரும் ஒரு ஷூ பெட்டியில் பழைய சாமான் விலைக்கு வந்தவர்கள். வேறு ஏதோ போருக்காக வார்த்த பிரிட்டிஷ் காலாட்படை. முன்பு வைத்திருந்தவர் எனாமல் பெயிண்டை அப்பு அப்பென்று அப்பியிருந்தார். கண், மூக்கு எதுவும் தெரியவில்லை. இப்படிப்பட்ட பெயிண்டைச் சுரண்டக் கூடாது. சுரண்டினால் உலோகமும் சேர்ந்து வரும், அது ஈயம் கலந்த மெத்தென்ற உலோகம். டெட்டாலில் ஊறப்போட வேண்டும். பெயிண்ட் தோல் மாதிரி சுருங்கி எழும்பும். அப்போது பழைய டூத் பிரஷை அதே டெட்டாலில் தோய்த்துத் தேய்க்க வேண்டும். தண்ணீரில் தேய்த்தால் எல்லாம் பிசினாகி ஒட்டிக்கொள்ளும். முதல் ஆளை நான் குழாயடியில் பிடித்துப் பிசினாக்கி, மறுபடி ஊறப்போட்டுத்தான் இதைத் தெரிந்துகொண்டேன்.

பிறகு உருமாற்றம். மதராஸ் சிப்பாய்க்கும் சிவப்புக் கோட்டுதான், அதனால் உடம்பு அப்படியே இருக்கலாம். ஆனால் அவன் போட்டது தொடையோடு நிற்கிற அரைக்கால்சட்டை. கீழே வெறும் கால். எனவே கால்சட்டையின் மடிப்புகளை ராவி, கெண்டைக்காலை வரவழைத்து, பூட்ஸைப் பாதமாக்க வேண்டும். தலையை வெட்டிவிட்டு எம்-சீலில் புதுத் தலை. ஆமாம், குழாய் ஒழுகினால் அடைக்கிற அதே எம்-சீல். இரண்டு கலவையையும் சமமாகப் பிசைந்தால் கொஞ்ச நேரம் மாவு மாதிரி சொன்னபடி கேட்கும், அப்புறம் கல். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் மூக்கு, மீசை, தலைப்பாகையின் ஒவ்வொரு சுற்று. தோலுக்கு ஒரே பழுப்பை எல்லோருக்கும் அடிக்கவில்லை. ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவில் எத்தனை நிறம் நடக்கிறதோ அத்தனையும் கலந்தேன்.

"என்ன சார் பண்ணி வெச்சிருக்கீங்க?"

"ரெஸ்டோர் பண்ணேன்."

"என்ன பண்ணீங்க?"

"ரெஸ்டோர், மேடம். வாங்கறப்போ பிரிட்டிஷாதானே இருந்தாங்க? மாத்தினது நீங்க. நான் ஒரிஜினலுக்குக் கொண்டுவந்துட்டேன். தலைங்ககூட நீங்க குடுத்த டப்பாவுலதான் இருந்துச்சு."

வெட்டிய தலை, உடைந்த துப்பாக்கி எதையும் இந்த வேலையில் தூக்கிப்போட மாட்டோம். யாருக்காவது உதவும் என்று அந்தப் பழைய தலைகளை அவரிடம் கொடுத்தது நான்தான்.

"அப்போ என் தலைங்க?"

"உங்க தலை உங்க கழுத்து மேலதான் இருக்கு."

எதிர்ப்பக்கம் சுல்தானின் படையை அடுக்கிக்கொண்டிருந்த பரத் சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"நான் செஞ்ச தலைங்க எங்க சார்?"

"கட்டர் வெச்சதும் எம்-சீல் நொறுங்கிடுச்சு. பெருக்கித் தள்ளிட்டேன். கோச்சுக்காதீங்க. இது பெங்களூரு. பாக்க வர்றவங்க இந்த ஊர்க்காரங்க. இந்த ஊர்க் கோட்டைய உடைக்க மதராஸ்காரன் வந்தான்னு நாமளே காட்டி, நாமளே ஏன் வம்ப வெலைக்கு வாங்கணும்? வெள்ளைக்காரன்னா யாருக்கும் ப்ராப்ளம் இல்ல."

"மதராஸ்காரன் வந்தானா, இல்லையா?"

"வந்தான். அதுக்கு?"

"வந்தவன வெச்சு ஆடறதுதான் இந்த ஆட்டம். அவனுக்கு மாலையா போடச் சொன்னேன்? சுடறதுக்குத்தானே பரத் அங்க நிக்கிறான்?"

"நான் ரெடி அக்கா" என்றான் பரத்.

"நீ சும்மா இரு. எங்க வீட்டாளுங்க இந்த ஊருக்கு எப்படி வந்தாங்கன்னு நெனச்சீங்க சார், வால்வோ பஸ்லயா? பட்டாளத்து வால புடிச்சுத்தான் வந்தாங்க. சுட வந்தாங்க, சமைக்க வந்தாங்க, துணி வெளுக்க வந்தாங்க. பெருமையோ அசிங்கமோ, வந்தாங்க. நேத்து வந்த நீங்க அத அழிக்காதீங்க."

"யாரு நேத்து வந்தது? பதினஞ்சு வருஷமாச்சு எனக்கு."

"அதத்தான் நேத்துங்கறேன்."

அவர் முகம் சிவந்தது. "பத்து நிமிஷத்துல கதவத் தொறக்கணும். போயும் போயும் ஒரு பொம்மைக்காக இவ்ளோ சத்தமா?"

யாராவது பொம்மை என்று சொன்னால், 'மினியேச்சர்' என்று நிறுத்தித் திருத்துகிற ஆள் அவர். சொந்த மனைவியையே எங்கள் முன்னால் திருத்தியிருக்கிறார். அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் எனக்குள் மிச்சமிருந்த மரியாதை அறுந்துபோனது.

முதல் வெள்ளைக்காரனைக் கையில் எடுத்தேன். தலையைச் சூப்பர் குளூவால் வெறுமனே ஒட்டியிருந்தார். அந்தப் பசை நேராக இழுத்தால் விடாது. பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால் விட்டுவிடும். அதனால்தான் கழுத்தில் துளை போட்டு, ஒரு துண்டுக் கம்பி செருகி, அதன் மேல் தலையை வைக்க வேண்டும். அவருக்கு அதற்குப் பொறுமை இல்லை. கட்டைவிரலை வைத்துத் தள்ளினேன். டிக். தொப்பியோடு தலை மேசையில் உருண்டது.

"மேடம்!"

டிக். டிக். பெயிண்டும் அப்படித்தான். என் வார்னிஷ் வழவழப்பாக இருந்தது. அதைத் தேய்த்துச் சொரசொரப்பாக்காமல் மேலே பூசியிருந்தார். நகத்தை ஓரத்தில் கொடுத்ததும் வெள்ளைக் கால்சட்டை பால் ஏடு மாதிரி உரிந்து வந்தது. உள்ளே என் பழுப்புக் கால்கள் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தன.

"நிறுத்துங்க லவினா! ஷோ கெட்டுடும்!"

"கையப் புடிச்சீங்கன்னா உங்க பீரங்கிங்களும் போகும்."

அவர் பிடிக்கவில்லை. இருபது கழுத்து, நாற்பது கால். என் நகக்கண்ணில் ரத்தம் கசிந்தது. எல்லோரையும் பழையபடி ஓட்டைக்கு எதிரே நடு வரிசையில் நிறுத்தினேன். சிவப்புக் கோட்டு, தோளில் துப்பாக்கி, வெறும் கால், தலை இல்லை.

"எடுங்க இத" என்றார் மூர்த்தி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"எடுத்தா கோட்டைக்குள்ள யாரு போவா? உங்ககிட்ட வேற படை இருக்கா?"

இல்லை. மற்ற வரிசைகளில் பீரங்கிகள்தான். மதிலில் ஏறுவதற்கு அவரிடம் இருந்ததே இந்த இருபது பேர்தான்.

"மூர்த்தி சார், தலை இல்லாதவன சுட்டா கணக்குல சேருமா?" என்று பரத் கேட்டான். "விதிப் புஸ்தகத்துல ஒண்ணும் போடலையே."

"வாய மூட்றா" என்றார் மூர்த்தி.

கதவைத் திறந்துவிட்டார்கள். பத்திருபது பேர் உள்ளே வந்தார்கள். காட்டன் புடவை கட்டிய ஓர் அம்மா நேராக எங்கள் மேசைக்கு வந்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார்.

"இவ்ரிகே தலே யாகில்லா?" என்று கன்னடத்தில் கேட்டார். இவர்களுக்கு ஏன் தலை இல்லை?

மூர்த்தி என்னைப் பார்த்தார். இந்தக் குழுவில் யார் எதைக் கேட்டாலும் நான்தான் முந்திக்கொண்டு விளக்குவேன். டெட்டாலில் தொடங்கித் தலைப்பாகைச் சுற்று வரை விடமாட்டேன். நான் வாயைத் திறக்கவில்லை.

"ரிப்பேர் மேடம்" என்றார் மூர்த்தி. "பிரிட்டிஷ் சோல்ஜர்ஸ்."

அந்த அம்மா மறுபடி குனிந்தார். "காலு நம் ஜனத தர இதெயல்லா?" கால்கள் நம் ஆட்கள் கால் மாதிரி இருக்கிறதே என்றார்.

மூர்த்தி லேப்டாப் மூடியைத் திறந்தார், மூடினார். அந்த அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் இன்னும் நான்கு பேர் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

"மதராஸ் சிப்பாயிகளு" என்றார் மூர்த்தி கடைசியில், யாருக்கும் கேட்காத குரலில்.

"சத்தமா சொல்லுங்க சார்" என்றேன் தமிழில். "பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல."